சனிக்கிழமைக்கு நல்ல கரி

9 நவம்பர் 2024, சனி

இன்று லேபில் நாற்பத்தாறு பேருக்கு ரத்தம் எடுத்தேன். அதில் நாற்பது பேர் ஊசியைப் பார்க்கப் பயந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் களைப்போடு வீட்டுக்கு வந்தால், என் வீட்டுக்காரர் சேவியர் பின்பக்கம் துணிக்கொடிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குழாயைத் தவிர அந்தச் சுவரில் ஒன்றும் இல்லை.

என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "சாட்டர்டே" என்றார்.

புரிந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில், டர்பனில் நாங்கள் இருந்த பதினோரு வருடமும், சனிக்கிழமை மதியம் ஆனால் இவர் வீட்டு முன்னால் கரி போட்டு நெருப்பு மூட்டுவார். அங்கே அதற்குப் பிராய் என்று பெயர். இறைச்சி சுடுவதெல்லாம் இரண்டாம் பட்சம். அக்கம்பக்கத்து ஆண்கள் நாலைந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு தீயைச் சுற்றி நிற்பார்கள். மூன்று மணி நேரத்தில் மொத்தமாக முப்பது வார்த்தை பேசுவார்கள். பிறகு பரம திருப்தியோடு வீட்டுக்குப் போவார்கள். இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கியதில்லை. ஆனால் அது இல்லாமல் சுவரைப் பார்க்கும் இந்த மனிதரைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஜூனில் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். நான் ஒரே பிள்ளை. அம்மா திண்டுக்கல் நாகல் நகரை விட்டு நகரமாட்டாள். ஒரு வருடம் பார்ப்போம் என்று சேவியர் சர்க்கரை ஆலையில் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு என்னோடு வந்தார். இவருடைய கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர். அதனால் முகமும் நிறமும் நம்மூர், தமிழ் மட்டும் நாற்பது வார்த்தை. கடைக்காரர்கள் இவரிடம் கடகடவென்று பேசிவிட்டு, பதில் வராததால் திமிர் பிடித்தவர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

சரி, கரிதானே. வாங்கித் தந்துவிடலாம். திண்டுக்கல்லில் கிடைக்காத கரியா?

10 நவம்பர், ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது தெருமுனை இஸ்திரி வண்டியில் நாச்சிமுத்து அண்ணனிடம் கேட்டேன். ஒட்டன்சத்திரத்துக்காரர், பேச்சில் எப்போதும் ஒரு மரியாதை இருக்கும்.

"கரிங்களா? அத விட்டு மூணு வருசமாச்சுங்க அம்மிணி. இப்பப் பூராவும் கேஸ்தானுங்க" என்று வண்டிக்கு அடியிலிருந்த சிலிண்டரைப் பெருமையாகக் காட்டினார். சேவியர் குனிந்து குழாயெல்லாம் பார்த்தார். எங்கள் வீட்டில் கேஸ் இணைப்பு இல்லையோ என்று அண்ணனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஏஜென்சியில் தெரிந்த ஆள் இருக்கிறார், சொல்லி வாங்கித் தருகிறேன் என்று என்னைத் தனியாக அழைத்து ரகசியமாகச் சொன்னார்.

13 நவம்பர், புதன்

மூன்று மளிகைக் கடை. மூன்றிலும் ஒரே கேள்வி: பல் விளக்கவா?

16 நவம்பர், சனி

சாம்பிராணிக்கு வைக்கும் கரி வில்லை ஒரு பெட்டி கிடைத்தது. வட்டமாக, அழகாக, ஒரே தீக்குச்சியில் பற்றிக்கொண்டது. சேவியர் முகத்தில் ஐந்து மாதத்துக்குப் பிறகு ஒரு சிரிப்பு. பின்பக்கம் நாலு செங்கல் அடுக்கி, கம்பி வலை வைத்து, கோழித் தொடையைப் போட்டார்.

அம்மா ஒரு வாய் தின்றாள். கொஞ்ச நேரம் மென்றாள். "நல்லாத்தான் இருக்கு மாப்ள. கோழி நற்கருணை ஆசீருக்குப் போயிட்டு வந்திருக்கும் போல" என்றாள்.

நான் மொழிபெயர்க்கவில்லை. அவரே சாம்பிராணி வாசத்தை வைத்துப் புரிந்துகொண்டு மீதி வில்லைகளைக் கோயிலுக்குக் கொடுத்துவிடச் சொன்னார்.

23 நவம்பர், சனி

இன்றைக்குச் செய்தது என் மூளையில் உதித்த காரியம், யாரையும் குறை சொல்ல முடியாது.

பிரியாணிக் கடைகளில் தம் போடும்போது சட்டி மூடி மேலே கங்கு அள்ளிப் போடுவார்கள் அல்லவா? மதியம் மூன்று மணிக்குத் தம் பிரித்த பிறகு அந்தக் கங்கு சும்மாதானே கிடக்கும்? தெரிந்த கடையில் கேட்டேன். தாராளமாக அள்ளிக்கொள்ளச் சொன்னார்கள். இரும்பு வாளி நிறையத் தணல். ஆனால் ஆட்டோக்காரர்கள் ஒருவரும் ஏற்றவில்லை. ஒருவர், "அக்கா, சீட்டு போன வாரந்தான் மாத்துனேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். சரி, பத்து நிமிட நடைதானே என்று கிளம்பினோம்.

சேவியர் வெறும் உடம்பில் இல்லை, மஞ்சள் வேட்டியில் இல்லை. நீலச் சட்டையும் அரைக்கால் சட்டையும்தான். இருந்தாலும் தணல் வாளியோடு முன்னால் நடக்கிற மனிதருக்கு நாகல் நகர் வழிவிட்டது. இரண்டு பெண்கள் ஒதுங்கி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தீச்சட்டி நேர்ச்சை என்று நினைத்துவிட்டார்கள். ஒரு பெரியவர் குடத்துத் தண்ணீரை இவர் காலில் ஊற்ற வந்தார். சேவியர் அவருக்கு மிக மரியாதையாகத் தலை குனிந்தார்.

வீட்டுக்கு வந்தபோது வாளியில் சாம்பல்.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்புறம் ஒன்று தோன்றியது. இந்த ஊரில் ஒவ்வொரு நெருப்புக்கும் ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. சாமிக்கு, சோற்றுக்கு, போகிக்கு, சாவுக்கு. சும்மா சுற்றி நிற்பதற்காக ஒரு நெருப்பு என்று யாரும் மூட்டியதில்லை.

24 நவம்பர், ஞாயிறு

ஆலையிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. கொதிகலன் பிரிவில் இவர் இடத்தை மே முதல் தேதி வரை வைத்திருப்பார்களாம். வருகிறாரா இல்லையா என்று பிப்ரவரி 28-க்குள் சொல்ல வேண்டுமாம்.

என்ன சொல்லப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. இருவரும் சேர்ந்து பீன்ஸ் நறுக்கினோம்.

12 டிசம்பர், வியாழன்

மழை. நேற்றும் மழை. கரி என்ற பேச்சே இல்லை.

25 டிசம்பர், புதன்

கிறிஸ்துமஸ். மட்டன், குக்கரில். ஐந்து விசில். டர்பனில் இருக்கும் இவருடைய அண்ணன் வீடியோவில் கூப்பிட்டு, அவர்கள் வீட்டுத் தீயைக் காட்டினார். சேவியர் ரொம்ப நேரம் போனைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

8 ஜனவரி 2025, புதன்

அம்மாவுக்கு நேற்றுக் காலையிலிருந்து குளிர் ஜுரம். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். சிறுநீரில் கிருமி, பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. எதிர்வீட்டு வள்ளி சித்தி பழனியில் மகள் வீட்டிலிருந்து ஒரு நாளைக்கு நாலு தடவை போன் செய்கிறார்.

10 ஜனவரி, வெள்ளி

டிஸ்சார்ஜ். மதியம் இரண்டு மணிக்கு வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். உண்ட மயக்கத்தில் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. வள்ளி சித்திக்குக்கூட இன்னும் போன் செய்து சொல்லவில்லை. சேவியருக்கு ஒரே சந்தோஷம். அம்மா வந்ததற்கு நாளைக்குக் கட்டாயம் நெருப்பு மூட்டுவேன் என்கிறார். பைபாஸ் பக்கம் ஒரு விறகுக் கடையில் ஒரு மூட்டை கரி பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். தனியாகப் போய், நாற்பது வார்த்தையை வைத்துக்கொண்டு. எனக்கே பெருமையாக இருந்தது.

11 ஜனவரி, சனி

இதை எழுதியே ஆக வேண்டும். எங்கே தொடங்குவது?

பின்பக்கம் இடம் பற்றாது என்று வாசலுக்கு முன்னால் மூட்டுவதாக ஏற்பாடு. பாதியாக அறுத்த பீப்பாய் ஒன்று. பிளாஸ்டிக் நாற்காலி பதினைந்து வாடகைக்கு. கொண்டு வந்தவர் தம் வழக்கப்படி வாசலின் இரு பக்கமும் வரிசையாகப் போட்டுவிட்டுப் போனார். அம்மாவுக்கு நடைப் பயிற்சி தர வரும் பிசியோ மணிமாறனையும் அவர் நண்பர்கள் மூவரையும் சேவியர் அழைத்திருந்தார். விசேஷம் என்பதால் முதல் முறையாக வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டார். தோளில் ஒரு துண்டு.

நான் அடுக்களையில் கோழிக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளறையில் சீரியல்.

மூட்டையில் இருந்தது கரி என்ற பெயரில் கட்டை. மேலே கறுப்பு, அவ்வளவுதான். பிடிக்கவும் இல்லை, அணையவும் இல்லை. புகைந்தது. ஒரு மணி நேரமாகப் புகைந்தது. ஆக, வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கிடைத்த காட்சி இது: ஆஸ்பத்திரியில் கிடந்த இன்னாசியம்மாள் வீட்டு வாசலில் கட்டை புகைகிறது. இரு வரிசை நாற்காலி. ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நிற்கிறார்கள். மருமகன் வெள்ளை வேட்டியில், சிவந்த கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு.

வள்ளி சித்தி பழனியிலிருந்து வந்து தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கினார். இறங்கிய இடத்திலேயே ஆரம்பித்துவிட்டார்.

"எக்கா... ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டியேக்கா..."

தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு வந்து சேவியர் கையைப் பிடித்து அழுதார். சேவியர் புகையால் கண் கலங்குகிறது என்று நினைத்து, அவரை ஒரு நாற்காலியில் உட்கார்த்தி, நாற்காலியோடு தூக்கிக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் வைத்தார். அதற்குள் நாச்சிமுத்து அண்ணன் மாலையோடு வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் எங்கள் கோயில் செபக்குழுவான அன்பியத்துக்காரர்கள் எட்டுப் பேர், செபப் புத்தகத்தோடு. யாரோ வாட்ஸ்அப் குழுவில் மெழுகுவர்த்திப் படம் போட்டு, இன்னாசியம்மாள் இறைவனில் துயில் கொண்டார் என்று அனுப்பிவிட்டார்கள்.

அழுகைச் சத்தம் கேட்டு நான் கை நிறைய மசாலாவோடு ஓடி வந்தேன். எனக்கு முன்னால் அம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"என்னடி கூட்டம்? யாரு போய்ச் சேந்தது?"

அன்பியத்துக்காரர்கள் செபப் புத்தகத்தை மூடினார்கள். வள்ளி சித்தி மட்டும் அம்மாவைப் பார்த்துக்கொண்டே இன்னும் ஒரு வரி பாடி முடித்தார். பாதியில் நிறுத்த வராது போல.

அம்மாவுக்கு விஷயம் விளங்க ஐந்து நிமிடம் ஆனது. விளங்கியதும் கோபப்படுவாள் என்று பார்த்தேன். ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்துகொண்டு, என் போனில் அந்த வாட்ஸ்அப் செய்திகளைப் படிக்கச் சொன்னாள். ஒன்று விடாமல். "நாகஜோதி வெறும் கும்புடு மட்டுந்தான் போட்டிருக்காளா? சத்துணவுல இருவது வருசம் எங்கிட்ட ஆயாவா இருந்தவ. வரட்டும்" என்றாள்.

பிறகு குளிப்பது பற்றி ஒரு சர்ச்சை. சாவு வீட்டுக்கு வந்தால் குளிக்காமல் வீட்டுக்குள் போகக் கூடாது. சாவே இல்லை என்றால்? அழுதது அழுததுதானே, நான் குளிச்சிருவேன் என்று சித்தி கிளம்பிவிட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக. யாரும் சாப்பிடவில்லை. சாப்பிடவும் ஒன்றும் இல்லை, கோழி பச்சையாகவே இருந்தது. மாலையைத் திரு இருதயப் படத்துக்குப் போட்டோம்.

எல்லோரும் போன பிறகு சேவியர் என்னிடம், எல்லோரும் ஏன் அழுதார்கள் என்று கேட்டார். இங்கே ஒரு வீட்டு வாசலில் கட்டை புகைந்தால் உள்ளே பிணம் இருக்கிறது என்று அர்த்தம் என்று சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்துத்தான் சொன்னேன். சிரிக்கவில்லை. அம்மா வீடு திரும்பியதற்காக மூட்டினேன், நான்சி, என்றார் ஆங்கிலத்தில். பிறகு அவரே வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி அணைத்தார்.

12 ஜனவரி, ஞாயிறு

பூசைக்கு வரவில்லை. தெருவில் யார் முகத்திலும் விழிக்க முடியவில்லை என்கிறார். நான் திரும்பி வந்தபோது லேப்டாப் திறந்திருந்தது. ஆலையின் கடிதம்.

போயிருவாரோ? போகட்டும்னு சொல்ல வாய் வரல. போகாதீங்கன்னு சொல்ல மட்டும் எனக்கு என்ன உரிமை இருக்கு? எனக்காகத்தான வந்தாரு. அம்மாவ விட்டுட்டு நான் போக முடியாது. அவர் அங்க, நான் இங்க, ஒரு போனு நடுவுல — அதுவா மிச்சம்? எனக்குப் பயமா இருக்கு.

13 ஜனவரி, திங்கள்

ஊரெல்லாம் போகிப் புகை. எங்கள் வாசலில் மட்டும் ஒன்றும் இல்லை.

நாச்சிமுத்து அண்ணன் துணி கொண்டுவந்தார். மாலை போட வந்ததை நினைத்து அவருக்கும் வெட்கம். மூலையில் கிடந்த பீப்பாயைப் பார்த்து ஒரு துண்டு கரியை எடுத்து முறித்தார். உள்ளே பழுப்பு நிறம். "இது கரியே இல்லீங்க. வேகாத கட்ட. இதுல எப்புடிங்க தீ வரும்? சார் மேல தப்பில்லீங்க" என்றார். வேடசந்தூர் தாண்டி அவருடைய மச்சான் ஒருவர் மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறாராம். சனிக்கிழமை கூட்டிப் போகிறேன் என்றார்.

சார் மேல் தப்பில்லை என்பதை மட்டும் மூன்று முறை மொழிபெயர்த்தேன்.

18 ஜனவரி, சனி

வேடசந்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மில் வேன் ஒன்றில் இடம் பிடித்து, இறங்கி ஒரு மைல் நடந்தோம். சுற்றிலும் சீமைக்கருவேலம். நடுவில் வெட்டவெளியில் ஓட்டு வீட்டு உயரத்துக்கு ஒரு மண்மேடு, அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாகப் புகை விட்டுக்கொண்டிருந்தது. அதுதான் மூட்டம். உள்ளே கருவேல விறகை அடுக்கி, தழை போட்டு, மண் பூசி மூடிவிடுவார்களாம். எரியக் கூடாது, வேக வேண்டும். காற்று கூடினால் மொத்தமும் சாம்பல். அதனால் முடியும்வரை ஆள் ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும்.

மச்சான் பெயர் சோலைமுத்து. சேவியர் வயதுதான் இருக்கும். சில்லறையாகத் தரமுடியாது, இது முழுக்க லாரிக்காரருக்குப் பேசியது என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டார். நான் வாதாடிக்கொண்டிருந்தேன். சேவியர் எங்களைக் கவனிக்கவே இல்லை. மூட்டத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார். ஒரு இடத்தில் குந்தி உட்கார்ந்து மண்ணுக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டினார். பிறகு சோலைமுத்துவைக் கைதட்டிக் கூப்பிட்டு, "இங்க. காத்து" என்றார்.

சோலைமுத்து நம்பாமல்தான் வந்து பார்த்தார். தழை மறைவில் கையகலத்துக்கு ஒரு வெடிப்பு. இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் சேறு குழைத்து அடைத்தார்கள். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே சோலைமுத்து என்னிடம் கேட்டார், "சாரு எந்தூர்ல மூட்டம் போடுறாரு?"

கொதிகலன் என்ஜினியர், இருபத்திரண்டு வருடமாக நெருப்புக்குக் காற்று அளந்துவிடுகிற வேலை என்று சொன்னேன். அப்படியா என்று இவரை மேலும் கீழும் பார்த்தார். திங்கட்கிழமை மகளுக்கு வளைகாப்பாம். மூட்டத்தை விட்டு எப்படிப் போவது என்று ஒரு வாரமாகக் கவலையாம். நான் அதைச் சேவியருக்குச் சொல்லி முடிப்பதற்குள் அவர், "நான் பாக்குறேன். நீ போ" என்றார்.

அவருக்கு 'நீ' மட்டும்தான் தெரியும். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். சோலைமுத்து சிரித்துவிட்டு, "சரிப்பா, நீ பாரு" என்றார்.

20 ஜனவரி, திங்கள்

காலை ஐந்தரைக்குப் போனவர் மாலை ஏழுக்கு வந்தார். முகம் கை எல்லாம் கரி. ஆறு தோசை தின்றார். வெள்ளைப் புகை என்றால் விறகில் இன்னும் ஈரம், நீலப் புகை வந்தால் அந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் பேசினார். இந்த வீட்டில் இவர் ஒரு மணி நேரம் தொடர்ந்து பேசியது இன்றுதான். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் எழுந்து போகாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

28 ஜனவரி, செவ்வாய்

மூட்டம் பிரித்தாகிவிட்டது. காவல் இருந்ததற்காகச் சோலைமுத்து இரண்டு மூட்டை தந்திருக்கிறார். துண்டும் துண்டும் தட்டினால் கிண்ணென்று கேட்கிறது. சேவியர் எனக்குத் தட்டிக் காட்டினார், அம்மாவுக்குத் தட்டிக் காட்டினார், பால்காரருக்கும்.

1 பிப்ரவரி, சனி

இவ்வளவு பாடுபட்டுக் கரி வந்த பிறகு மனிதர் மூட்டமாட்டேன் என்கிறார். வாசலில் வேண்டாமாம். மொட்டை மாடியில் வேண்டுமானால் பார்க்கலாமாம். மாடிக்கு அம்மா எப்படி ஏறுவாள்? இருவரும் ஆங்கிலத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அம்மா எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள். என்ன விஷயம் என்று கேட்டாள். சொன்னேன்.

வாக்கரை ஊன்றி எழுந்தாள். "மாப்ள, அந்தப் பீப்பாய வாசலுக்குக் கொண்டாங்க."

அவர் என்னைப் பார்த்தார்.

"எம் வாசல்ல தீ எரிஞ்சா நாஞ் செத்தாத்தான்னு யாரு எழுதி வச்சது? இந்தா உசுரோட இருக்கேன். தீக்குப் பக்கத்துலயே சேர் போட்டு உக்காந்துருக்கேன். பாக்குறவுக பாத்துட்டுப் போகட்டும்."

நான் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். சேவியர் பீப்பாயைத் தூக்கப் போனார்.

அம்மா புடவை மாற்றிக்கொண்டாள். யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதாம், நல்ல ரத்தச் சிவப்பில் ஒரு பட்டு. கரி இருபது நிமிடத்தில் பற்றியது. புகை என்று பேருக்குக்கூட இல்லை. தெருவில் போகிற ஒவ்வொருவரும் எங்கள் வீட்டருகே சைக்கிளை, வண்டியை மெதுவாக்கினார்கள். அம்மா ஒவ்வொருவருக்கும் கையைத் தூக்கி, "இருக்கேன், இருக்கேன்" என்றாள். வள்ளி சித்தி முதலில் எதிர்ப்பக்கம் தன் வாசலில் நின்று பார்த்தார். அப்புறம் எங்கள் வாசலுக்கு வந்து பார்த்தார். அப்புறம் ஒரு முழுத் தொடையை நின்றபடியே தின்று முடித்துவிட்டு, உப்பு கொஞ்சம் தூக்கல் என்றார்.

15 பிப்ரவரி, சனி

மூன்றாவது சனிக்கிழமை. நாச்சிமுத்து அண்ணன், மணிமாறன், வள்ளி சித்தியின் வீட்டுக்காரர் பெருமாள்சாமி சித்தப்பா, அப்புறம் பெயர் தெரியாத ஒருவர். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு தீயைப் பார்த்தபடி நிற்கிறார்கள். நான் அடுக்களை ஜன்னலிலிருந்து எண்ணினேன். ஒரு மணி நேரத்தில் எட்டு வார்த்தை. டர்பனைத் தோற்கடித்துவிட்டார்கள்.

22 பிப்ரவரி, சனி

இன்னும் ஆறு நாள்.

28 பிப்ரவரி, வெள்ளி

மாலை நாலரைக்கு லேப்டாப்பைத் திறந்தார். பத்து நிமிடம் தட்டினார். மூடினார். எழுந்து போய்த் தண்ணீர் மோட்டாரைப் போட்டார்.

எழுதி அனுப்பிவிட்டார் என்று தெரியும். என்ன எழுதினார் என்று தெரியாது. நானும் நாற்பத்து மூன்று வயதுக்காரி, தினமும் எத்தனை பேருக்குக் கை நடுங்காமல் ஊசி குத்துகிறேன். கட்டிய புருஷனிடம் ஒரு கேள்வி கேட்கத் தைரியம் இல்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

1 மார்ச், சனி

தவக்காலத்துக்கு முந்தைய கடைசிச் சனிக்கிழமை. கூட்டம். நாலு கிலோ கோழியும் காலி. சேவியர் எல்லோரிடமும் கடைசியாக ஒரு முறை கைகுலுக்குவது போல இருந்தது எனக்கு. எனக்கு இப்போது எதைப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது.

5 மார்ச், புதன்

சாம்பல் புதன். இனி ஈஸ்டர் வரை வீட்டில் கவிச்சி கிடையாது.

8 மார்ச், சனி

ஆறு வாரத்துக்கு இனி உங்களுக்குச் சனிக்கிழமை லீவு என்று காலையிலேயே சேவியரைக் கிண்டல் செய்தேன். சரி சரி என்றார். ஐந்து மணிக்குப் பார்த்தால் பீப்பாயை வாசலுக்குத் தூக்கிப் போகிறார். எதைச் சுடப் போகிறீர்கள் என்றேன். தோளைக் குலுக்கினார்.

தீ மட்டும் எரிந்தது, மேலே ஒன்றும் இல்லாமல். இன்றைக்கு யாரும் வரமாட்டார்கள், பாவம் இந்த மனிதர், தனியாக நிற்கப் போகிறார் என்று எனக்கு அடித்துக்கொண்டது. ஐந்தேகாலுக்குப் பெருமாள்சாமி சித்தப்பா வந்தார். கையில் நாலு மக்காச்சோளம். நாச்சிமுத்து அண்ணன் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. மணிமாறன் வெறுங்கையோடு வந்து நின்றார். ஆறு மணிக்கு ஏழு பேர். அம்மா சிவப்புப் புடவைக்கெல்லாம் இப்போது மெனக்கெடுவதில்லை, நைட்டியோடு உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சோலைமுத்து வந்தார். எங்கள் வீட்டுக்கு அவர் வருவது முதல் முறை. நேரே என்னிடம் வந்தார்.

"ஒண்ணுமில்லம்மா, ஒரு விசயம் கேட்டுட்டுப் போலாம்னு. சாரு ஐப்பசிக்கு ஆறு மூட்ட சொல்லிருக்காரு. ஐப்பசில மழ புடிச்சா மூட்டம் போட ஏலாது. ஆவணிலயே எடுத்து வச்சிறட்டுமா?"

எப்போது சொன்னார் என்று கேட்டேன். போன வாரம் வெள்ளிக்கிழமை போனில் சொன்னாராம். வெள்ளிக்கிழமை. இருபத்தெட்டு.

சேவியரிடம் போனேன். தீயைக் கிளறிக்கொண்டிருந்தார். ஐப்பசி எந்த மாதம் என்று தெரியுமா உங்களுக்கு, என்று கேட்டேன். திரும்பாமலே, "அக்டோபர். சோலை சொன்னான்" என்றார். அவ்வளவு பேருக்கு நடுவில் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர் முதுகுச் சட்டையை மட்டும் ஒரு தரம் பிடித்து இழுத்துவிட்டு வந்தேன்.

சோலைமுத்து வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். என்ன சொன்னாரு சாரு, என்றார்.

ஆவணியிலேயே எடுத்து வைக்கச் சொன்னேன். ஆறு இல்லை, எட்டு.